முக்காற்புள்ளிக்கு முன்னே

சென்ற ஆண்டு தைத் திங்களில் ஓர் இரவு. இவ்வூர்க் குளிர் நம்மவர்க்குப் பழக்கமில்லாதது. இரண்டு கம்பளி போர்த்தியும் போதாமல் விடுதி அறையில் முடங்கிக் கிடந்தேன். கதவைத் தட்டிக்கொண்டு முதலாண்டு மாணவத் தம்பி ஒருவன் வந்தான். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. கையில் மடிக்கணினி, முகத்தில் வாட்டம்.

“அண்ணே, கோடைப் பயிற்சிக்கு எழுதியிருந்தேன் அல்லவா? தேர்வானவர்கள் பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இல்லை.”

“அதற்கென்ன தம்பி, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.”

“அதில்லை அண்ணே. இன்று அவர்களோடு தொலைபேசியில் பேசினேன். உன்னிடமிருந்து விண்ணப்பமே வரவில்லை என்கிறார்கள். இறுதி நாளுக்கு ஆறு நாள் முன்னதாகவே நான் அனுப்பிவிட்டேன். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். சாளரமும் மூடிக்கொண்டது.”

மடிக்கணினியை வாங்கிப் பார்த்தேன். அவன் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜிமெயிலில் அம்மடல் இல்லை. வேறு எங்கே போயிருக்கும்? அந்தக் கணினி அவனுடைய தமையனார் பல ஆண்டுகள் வைத்திருந்து, தம்பி கல்லூரிக்குப் புறப்படும்போது கொடுத்தனுப்பியது. அதிலே பழைய அஞ்சல் மென்பொருள் ஒன்று இருந்தது. திறந்தேன். ‘வெளிச்செல்லும் மடல்கள்’ என்னும் பெட்டியில் ஒரே ஒரு மடல். தம்பியின் விண்ணப்பம்! மதிப்பெண் பட்டியலும் பேராசிரியரின் பரிந்துரையும் இணைத்த விண்ணப்பம். தமையனார் முன்பு வேலை பார்த்த இடத்தின் அஞ்சல் கணக்கு வழியாகப் போக முயன்று, அக்கணக்கு எப்போதோ மூடப்பட்டுவிட்டதால், போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் இருபத்து மூன்று நாளாக அங்கே கிடந்தது.

யாரைக் குறை சொல்வது? அறிவிப்புப் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி நீல எழுத்தில் இருந்தது. தம்பி அதைச் சொடுக்கினான். ஒரு சாளரம் திறந்தது. எழுதினான், அனுப்பினான். அவன் செய்ததில் என்ன பிழை? ஒன்றுமில்லை. ஆயினும் அவன் சொடுக்கிய நொடியில், அம்மடலை யாரிடம் ஒப்படைப்பது என்று அக்கணினி ஒரு முடிவு செய்தது. அம்முடிவை அவன் செய்யவில்லை. தமையனார் என்றோ நிறுவிய மென்பொருள், தானே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வதாகப் பதிவு செய்து வைத்திருந்தது. அவ்வளவுதான்.

அன்றிரவு அவனுக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். கணினித் துறை நண்பர்கள் முற்பகுதியைத் தாண்டிச் செல்லலாம். வரலாறும் பொருளியலும் பயிலும் நண்பர்கள் தாண்ட வேண்டா. தம்பியைப் போல ஏமாறக்கூடியவர்கள் பெரும்பாலும் நீங்களே.

உலாவியின் மேற்பகுதியில் தெரியும் முகவரியைப் பாருங்கள். முதலில் எச்.டி.டி.பி.எஸ். என்னும் எழுத்துகள், அடுத்து ஒரு முக்காற்புள்ளி, அதன்பின் இரண்டு சாய்கோடுகள், பிறகு ஊரும் பேருமாக நீண்டு செல்லும். நாம் ஊரையும் பேரையும் பார்க்கிறோமே தவிர, முக்காற்புள்ளிக்கு முன்னே இருப்பதைப் பார்ப்பதில்லை. அதுதான் நெறிமுறைப் பெயர். ‘இது எவ்வகைப் பொருள், இதை எம்முறையில் கையாள வேண்டும்’ என்று அறிவிப்பது அப்பெயரே. மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கும்போது அங்கே மறைந்திருப்பது ‘மெயில்டு’ என்னும் பெயர். தொலைபேசி எண்ணாயின் ‘டெல்’. இப்பெயர்களை அச்சில் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்; கணினியில் இவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளால் ஆனவை.

இவ்வழக்கம் வந்த வகையைச் சிறிது சொல்ல வேண்டும். செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1989 இல் வலையை முன்மொழிந்தபோது, இணையம் வெறும் காடாக இருக்கவில்லை. கோப்புகளை மாற்றிக்கொள்ள எஃப்.டி.பி. இருந்தது. செய்திக் குழுக்கள் இருந்தன. கோஃபர் என்றொரு முறையும் விரைவில் வந்து சேர்ந்தது. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தம் முறையே முறை என்று அவர் சாதித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. முகவரியின் தலையிலே முறையின் பெயரை வைத்துவிட்டால் எல்லா முறைகளும் ஒரே வீட்டில் வாழலாம் என்று கண்டார். 1994 டிசம்பரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1738 என்னும் ஆவணத்தில் அம்முறைகளின் பட்டியல் உள்ளது. மெயில்டு அப்போதே அதில் இடம்பெற்றுவிட்டது. அந்த இரண்டு சாய்கோடுகள் உண்மையில் தேவையில்லாதவை என்று 2009 இல் பெர்னர்ஸ் லீயே ஒப்புக்கொண்டார். மெயில்டுவிலும் டெல்லிலும் அவை இல்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. முக்காற்புள்ளி இன்றேல் மட்டும் ஒன்றும் நடவாது.

ஒரு நெறிமுறைப் பெயரைக் கண்டதும் உலாவி என்ன செய்கிறது? தனக்கே தெரிந்த முறையாயின் தானே பக்கத்தைக் கொணர்ந்து காட்டும். இல்லையேல், ‘இப்பெயரை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று முன்னரே அனுமதி பெற்ற இணையதளம் ஏதேனும் உண்டா என்று தன் பட்டியலில் தேடும். அங்கும் இல்லையேல், விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்திடம் கேட்கும். அது தன்னிடம் பதிந்துள்ள மென்பொருளை எழுப்பும். இவ்வாறு பொறுப்பேற்கும் தளத்துக்கும் மென்பொருளுக்கும் ‘கையாளி’ என்று பெயர். ஆங்கிலத்தில் ஹேண்ட்லர் என்பார்கள்.

உலாவி தானே கையாளும் பெயர்கள் என்றும் அப்படியே இருப்பதில்லை. எஃப்.டி.பி. முகவரிகளைப் பல ஆண்டுகள் உலாவிகளே திறந்து காட்டின. 2021 இல் பயர்பாக்சும் குரோமும் அவ்வசதியை அகற்றிவிட்டன. பழைய பாடக்குறிப்புகளில் உள்ள எஃப்.டி.பி. இணைப்பைச் சொடுக்கி, ‘தளம் அழிந்துவிட்டது’ என்று வருந்திய நண்பர் ஒருவரை அறிவேன். தளம் அழியவில்லை. அதைத் திறக்கும் வேலை வெளி மென்பொருளின் கைக்கு மாறிவிட்டது. அப்படி ஒன்று அவர் கணினியில் இல்லை.

இதெல்லாம் கணினியோடு மட்டும் கிடக்கும் செய்தி என்று எண்ண வேண்டா. வளாக வாயிலில் தேநீர்க் கடைக்காரர் ஒட்டிவைத்திருக்கும் கியூஆர் குறியீட்டைப் பாருங்கள். அக்கறுப்புக் கட்டங்களுக்குள் இருப்பது ஒரு முகவரிதான். அதன் தலைப்பெயர் யு.பி.ஐ.; அதன்பின் பணம் பெறுபவரின் கணக்கு முகவரியும் பெயரும். அதில் எந்தச் செயலியின் பெயரும் இன்றியமையாததன்று. ஆகவேதான் ஒருவர் போன்பேயிலும் இன்னொருவர் கூகுள் பேயிலும் மற்றொருவர் பீமிலும் அதே குறியீட்டுக்குப் பணம் செலுத்துகிறோம். இத்தகைய முகவரியை இணைப்பாகச் சொடுக்கினால், ஆண்ட்ராய்டு கைப்பேசி ‘எச்செயலியில் திறக்கட்டும்?’ என்று பட்டியல் நீட்டும். ஐபோனில் ஒரே பெயரைப் பல செயலிகள் உரிமை கோரினால் எது திறக்கும் என்பதற்கு வரையறை இல்லை என்று ஆப்பிள் நிறுவனத்தின் கையேடே சொல்கிறது. ‘என்ன பொருள்’ என்பதை இணைப்பு சொல்கிறது. ‘யார் திறப்பது’ என்பதைச் சொடுக்குபவர் முடிவு செய்ய வேண்டும். அவர் செய்யாவிடில் அவருக்காக வேறு யாரோ செய்துவிடுகிறார்கள். தம்பிக்கு நேர்ந்தது இதுவே.

இனி, செய்முறைக்கு வருவோம். முதலில் மெயில்டு.

பயர்பாக்சில் மேலே வலப்பக்கம் மூன்று கோடுகள் இருக்கும். அதைச் சொடுக்கி அமைப்புகளுக்குள் செல்லுங்கள். பொதுப் பகுதியில் கீழே இறங்கினால் ‘அப்ளிகேஷன்ஸ்’ என்னும் தலைப்பின் கீழ் ஒரு பட்டியல் தோன்றும். இடப்பக்கம் பொருளின் வகை. வலப்பக்கம் அதற்கு உரிய செயல். மெயில்டு என்னும் வரியைக் கண்டுபிடித்து வலப்பக்கத்தைச் சொடுக்கினால் ஜிமெயில், கணினியில் உள்ள அஞ்சல் மென்பொருள், ‘எப்போதும் கேள்’ ஆகியன வரும். பொதுக் கணினியிலும், பிறர் தந்த பழங்கணினியிலும் ‘எப்போதும் கேள்’ என்பதே நன்று. ஒவ்வொரு முறையும் ஒரு சொடுக்கு மிகுதியாகும், ஆகட்டும்.

குரோமில் வழி சற்றுச் சுற்று. முதலில் ஜிமெயிலைத் திறந்துகொள்ளுங்கள். முகவரிப் பட்டையின் வலக்கோடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சாய்சதுரங்கள் போன்ற சிறு குறி தோன்றக்கூடும். அதைச் சொடுக்கினால், மின்னஞ்சல் இணைப்புகளையெல்லாம் இத்தளமே திறக்கட்டுமா என்று கேட்கும். இசைவு தரலாம். முன்னொருகால் மறுத்துவிட்டிருந்தால் அக்குறி தோன்றாது. அப்போது அமைப்புகளில் தனியுரிமை, தள அமைப்புகள், கூடுதல் அனுமதிகள் என்று படிப்படியாகச் சென்றால் நெறிமுறைக் கையாளிகளின் பட்டியல் கிடைக்கும். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவதும் அங்கேதான்.

இவ்வளவும் செய்தபின் ‘முடிந்தது’ என்று எழுந்துவிடாதீர்கள். நானும் அன்றிரவு அப்படித்தான் எழப் பார்த்தேன். தம்பி ஒரு பிடிஎஃப் கோப்பைத் தனி மென்பொருளில் திறந்து, அதிலிருந்த மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கிக் காட்டினான். மீண்டும் அதே பழைய அஞ்சல் மென்பொருள் எழுந்து நின்றது! காரணம் எளிது. உலாவிக்குள் சொடுக்கினால் உலாவியின் பட்டியல் முன்னிற்கும். உலாவிக்கு வெளியே சொடுக்கினால் இயங்குதளத்தின் பட்டியலே முன்னிற்கும். வாயிற்காவலர் இருவர், ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. விண்டோசின் அமைப்புகளில் செயலிகள், இயல்புச் செயலிகள் என்று சென்று, இணைப்பு வகையில் மெயில்டுவைத் தேடி, அதை உலாவிக்கு உரியதாக்கினோம். அதன்பின் இயங்குதளம் உலாவியிடம் தள்ள, உலாவி ஜிமெயிலிடம் தள்ளியது. உங்கள் கணினியிலும் உள்ளே ஒரு முறையும் வெளியே ஒரு முறையுமாகச் சொடுக்கிச் சோதித்துவிடுங்கள். சோதனை மடலை உங்கள் முகவரிக்கே அனுப்பிக்கொள்ளலாம்.

மெயில்டு, டெல் போன்றவை உலகப் பொதுவானவை. நமக்கென்று ஒரு பெயரை ஆக்கிக்கொள்ள முடியுமா? முடியும். நம் மன்றத்திலேயே செய்து பார்த்தோம். அதில் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்றாலும் பொய்யாகாது.

வாரந்தோறும் நடைபெறும் நம் குறள் வகுப்பின் குறிப்புகளை மன்றத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றுகிறோம். குறிப்பில் குறள் எண் வருமிடமெல்லாம் ஓர் இணைப்புத் தந்தால் படிப்பவர் உடனே குறளைப் பார்க்கலாம். எங்கே இணைப்பது? அங்கேதான் வழக்கு எழுந்தது. ஒருவர் பரிமேலழகர் உரைதான் வேண்டும் என்றார். மு. வரதராசனார் உரையின்றிப் புதியவர்க்குப் புரியாது என்றார் இன்னொருவர். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த நம் தோழியர் இருவர், ஜி. யு. போப்பின் ஆங்கிலத்தைக் கேட்டார்கள். மூவர் சொல்வதும் நியாயம். எண் ஒன்றே, திறக்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. யு.பி.ஐ. குறியீட்டில் கண்ட அதே நிலைமை அல்லவா இது?

உலாவிகளில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஓர் இணையதளம் ‘இந்நெறிமுறைப் பெயரை நான் கையாள்கிறேன்’ என்று உலாவியிடம் விண்ணப்பிக்கலாம். இவ்வசதி 2008 இல் பயர்பாக்சின் மூன்றாம் பதிப்பில் வந்தது. பின்னர் குரோமும் ஏற்றுக்கொண்டது. பக்கத்தின் நிரலில் ஒரே ஒரு வரி: ரெஜிஸ்டர் புரோட்டோகால் ஹேண்ட்லர் என்னும் கட்டளை. அதற்கு இரண்டு செய்திகள் தர வேண்டும். ஒன்று, பெயர். மற்றொன்று, சொடுக்கும்போது செல்ல வேண்டிய முகவரி. அம்முகவரியில் ஓரிடத்தில் விழுக்காட்டுக் குறியும் அதையொட்டி எஸ் என்னும் ஆங்கில எழுத்தும் இருத்தல் வேண்டும். சொடுக்கிய இணைப்பு அவ்விடத்தில் வந்து அமரும்.

பெயரிடுவதில் கட்டுப்பாடு உண்டு. மெயில்டு, டெல், மேக்னெட், ஜியோ என ஒரு சிறு பட்டியலில் உள்ள பெயர்களைக் கோரலாம். புதுப்பெயராயின் வெப் என்று தொடங்கி, ஒரு கூட்டல் குறியிட்டு, அதன்பின் ஆங்கிலச் சிறிய எழுத்துகள் மட்டுமே வரவேண்டும். இல்லாவிட்டால் எவனோ ஒருவன் எச்.டி.டி.பி.எஸ். என்னும் பெயரையே கோரி, உலகத்து முகவரிகளையெல்லாம் தன் வீட்டுக்குத் திருப்பிக்கொள்வானே! கட்டுப்பாடு நல்லதே. ஆனால் ‘குறள்’ என்று தமிழில் எழுத வழியில்லை என்றபோது எங்களுக்குச் சற்று வருத்தந்தான். ஆங்கில எழுத்தில் ‘வெப்+குறள்’ என்று பெயரிட்டோம். விண்ணப்பிக்கும் தளம் பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ். முகவரியில் இருக்க வேண்டும். தன் முகவரியை மட்டுமே தர வேண்டும். பிறர் தளத்தைக் கையாளியாக்க முடியாது. ஆகவே, எண்ணைப் பெற்று உரிய உரைக்கு அனுப்பிவைக்கும் சிறு பக்கங்கள் மூன்றை நம் தளத்திலேயே அமைத்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பொத்தான்: ‘இனி எனக்கு இவ்வுரையே’. அழுத்தினால் உலாவி இசைவு கேட்கும். பயனர் இசையாமல் எதுவும் பதிவாகாது.

முதல் நாள் ஒன்றும் வேலை செய்யவில்லை. 391 ஆம் குறளைச் சொடுக்கினால் எங்கள் பக்கத்துக்கு 391 என்னும் எண் மட்டும் வரும் என்று எண்ணியிருந்தோம். வந்ததோ பெயர், முக்காற்புள்ளி, எண் எல்லாம் சேர்ந்த முழு இணைப்பு. அதுவும் கூட்டல் குறியும் முக்காற்புள்ளியும் விழுக்காட்டுக் குறியீடுகளாக உருமாறி வந்தன. முழுவதையும் அவிழ்த்து, முக்காற்புள்ளிக்கு முன்னுள்ளதைக் களைந்தபின்தான் எண் கைக்குக் கிடைத்தது.

அடுத்து ஆசை பெருகிற்று. எண்ணுக்குப் பதில் அதிகாரப் பெயரையே தமிழில் எழுதினால் என்ன? பெயரில்தான் தமிழ் கூடாது. முக்காற்புள்ளிக்குப் பின்னே தடையில்லை. எழுதினோம். கிடைத்தது வெறும் குப்பை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டபின் காரணம் விளங்கியது. முகவரியில் தமிழ் எழுத்து வந்தால் உலாவி அதை எண்களாக மாற்றும். குறள் என்னும் சொல்லைக் கணினி ஐந்து குறிகளாகச் சேமிக்கிறது: க, உகரக் குறி, ற, ள, புள்ளி. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டுக்கும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துகள். ஆக 45 எழுத்துகள். இது முதற்போர்வை. கையாளிக்கு அனுப்பும்போது அந்த விழுக்காட்டுக் குறிகளையே உலாவி மீண்டும் மாற்றுகிறது. ஒவ்வொன்றும் மூன்றெழுத்தாகி மொத்தம் 75. இது இரண்டாம் போர்வை. நாங்கள் ஒரு போர்வையை மட்டும் விலக்கிவிட்டு உள்ளே தமிழைத் தேடிக்கொண்டிருந்தோம்! ஆங்கிலம் மட்டும் எழுதுவோர்க்கு இவ்விடர் எளிதில் தென்படாது. தமிழில் நிரல் எழுத விரும்பும் தம்பியரும் தங்கையரும் இதை மனத்தில் கொள்க.

கடைசியில் எல்லாம் சரியாயிற்று. பரிமேலழகர் அன்பர்க்குப் பரிமேலழகரும், தோழியர்க்குப் போப்பும் ஒரே இணைப்பிலிருந்து கிடைத்தனர். எங்களுக்குப் பெருமிதம் தாங்கவில்லை. அடுத்த வகுப்பில் அது அடங்கிவிட்டது. வந்தவர்களிற் பலர் குறிப்பைக் கைப்பேசியில் திறந்தார்கள். கைப்பேசி உலாவிகளிலும் ஆப்பிளின் சபாரியிலும் இவ்வசதி இல்லை. சிலர்க்குச் சொடுக்கியும் ஒன்றும் நடவவில்லை. சிலர்க்கு ‘முகவரி செல்லாது’ என்றது. ‘எங்களுக்கு மட்டும் குறள் கிடையாதா?’ என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டது சரியே. இப்போது ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்திலேயே வழக்கமான இணைப்பு ஒன்றும் தந்திருக்கிறோம். எவரெவரோ வந்து படிக்கும் பொதுப் பக்கத்தில் தனி நெறிமுறையை மட்டும் நம்பி இணைப்புத் தருவது தவறு என்பதே என் கருத்து. ஒரே குழுவினர், ஒரே வகைக் கணினி, முன்னரே பேசிவைத்த பெயர் என்றால் அதன் அருமை தனி.

அத்தகைய இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: இயற்பியல் ஆய்வு மாணவரான நண்பர் ஒருவர். அவர் தம் லினக்ஸ் கணினியில் ‘சோதனை’ என்னும் பொருள்படும் பெயரொன்றை ஆக்கிக்கொண்டார். குறிப்பேட்டில் சோதனை எண்ணைச் சொடுக்கினால் அச்சோதனையின் அளவீட்டுக் கோப்பு உடனே திறக்கும். இது இணையதளக் கையாளி அன்று, இயங்குதளக் கையாளி. ஆகவே வெப் என்று தொடங்க வேண்டியதில்லை. டெஸ்க்டாப் என்னும் பின்னொட்டுள்ள சிறு கோப்பு ஒன்றில் எந்நிரலை இயக்குவது, எந்நெறிமுறைப் பெயருக்கு என்று சில வரிகள் எழுதி, எக்ஸ்டிஜி-மைம் என்னும் கட்டளையால் அதையே இயல்பாக்கிவிட்டார். விண்டோசில் பதிவேட்டில் அப்பெயரால் ஒரு கிளை அமைத்து, ‘யுஆர்எல் புரோட்டோகால்’ என்னும் வெற்று மதிப்பு ஒன்றை அதில் இட்டு, இயக்க வேண்டிய நிரலின் இருப்பிடத்தை எழுத வேண்டும். பதிவேட்டில் கைவைக்குமுன் படியெடுத்து வையுங்கள்.

அந்நண்பரின் நிரலைக் கண்டு நான் வியந்தேன், பிறகு அஞ்சினேன். இணைப்பில் வந்ததை அப்படியே கட்டளை வரியில் ஒட்டி இயக்கும்படி எழுதியிருந்தார். எண் வரும் என்பது அவர் எண்ணம். எண்தான் வரும் என்று யார் உறுதி தந்தது? அவரை அருகில் வைத்துக்கொண்டே, எண்ணுக்குப்பின் அரைப்புள்ளியிட்டு இன்னொரு கட்டளையையும் சேர்த்த இணைப்பு ஒன்றை வேறொரு பக்கத்தில் எழுதிச் சொடுக்கச் சொன்னேன். உலாவி இசைவு கேட்டது. தம் பெயர்தானே என்று இசைந்தார். அவருடைய வீட்டுக் கோப்புறையில் அவர் உண்டாக்காத வெற்றுக் கோப்பு ஒன்று முளைத்தது. உண்டாக்கும் கட்டளைக்குப் பதில் அழிக்கும் கட்டளை இருந்திருந்தால்? மூன்றாண்டு அளவீடுகள் அக்கணினியில் இருந்தன. நண்பர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. இப்போது அந்நிரல், வந்தது முழுதும் இலக்கந்தானா என்று பார்த்துவிட்டே அடுத்த அடி வைக்கிறது.

நெறிமுறைக் கையாளி என்பது, முன்பின் அறியாத பக்கங்களும் தட்டக்கூடிய கதவு. பெரிய நிறுவனங்களே இதில் இடறியிருக்கின்றன. 2007 இல், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு பக்கத்தைத் திறந்தால், பயர்பாக்ஸ் பதிந்து வைத்திருந்த நெறிமுறைப் பெயரின் வழியாகப் பயர்பாக்சைத் தீய கட்டளைகளோடு எழுப்ப முடியும் என்று தெரியவந்தது. அனுப்பியவர் குற்றமா, வாங்கியவர் குற்றமா என்று பெரிய வழக்காடலே நிகழ்ந்தது. 2022 இல், விண்டோசின் பழுதறியும் கருவிக்கு உரிய எம்எஸ்-எம்எஸ்டிடி என்னும் பெயரைப் பயன்படுத்தி, வேர்டு கோப்பொன்றைத் திறந்த அளவிலேயே கணினியைக் கைப்பற்றும் சூழ்ச்சி வெளிப்பட்டது. ஃபொலினா என்று அதற்குப் பெயரிட்டார்கள். மே மாத இறுதியில் செய்தி பரவியது. ஜூனில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. 2021 இல் இன்னொன்று: பல நெறிமுறைப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உங்கள் கணினியில் என்னென்ன மென்பொருள்கள் உள்ளன என்று ஓர் இணையதளம் உளவறிய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இவற்றைச் சொல்லி உங்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. ‘இத்தளம் இம்மென்பொருளைத் திறக்க விரும்புகிறது’ என்று உலாவி கேட்கும்போது, கீழே ‘இனி எப்போதும் அனுமதி’ என்று ஒரு சிறு கட்டமும் இருக்கும். வகுப்புக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் அதை நிரப்பிவிடுகிறோம். நீங்களே திறக்க எண்ணிச் சொடுக்கிய மென்பொருளாயின் திறக்கச் சொல்லுங்கள். கட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நீங்கள் எதையும் சொடுக்காதபோதே அக்கேள்வி எழுந்தால் மறுத்துவிடுங்கள். மென்பொருளை நீக்கும்போது அதன் நெறிமுறைப் பதிவும் நீங்கிற்றா என்று ஒருமுறை பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில மென்பொருள்கள் வீட்டைக் காலி செய்தாலும் பெயர்ப்பலகையைக் கழற்றுவதில்லை.

தம்பியின் கணினியிலிருந்து தமையனாரின் பழைய கணக்கை அன்றிரவே நீக்கினோம். பயர்பாக்சில் மெயில்டுவுக்கு ‘எப்போதும் கேள்’ என்று வைத்தோம். போன கோடைப் பயிற்சி போனதுதான். அவ்விடுமுறையில் அவன் ஊருக்குச் சென்று தந்தையாரின் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறான். விண்ணப்பத்தை அனுப்பிய இரவு, மணி பன்னிரண்டுக்கு என் கதவைத் தட்டினான். ஜிமெயிலில் ‘அனுப்பியவை’ என்னும் பெட்டியைத் திறந்து, அதில் முதல் வரியை என்னிடம் காட்டிவிட்டுத்தான் உறங்கப் போனான்.